குட்டி குடித்த மிச்சம்

என் மாமா ஒரு கழுதையைக் கொண்டுவந்து எங்கள் கொல்லையில் கட்டியபோது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் தினமும் யாராவது ஒருவர் என்னைக் கழுதை என்று திட்டிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு நிஜக் கழுதை வந்து சேர்ந்த பிறகு அந்தத் திட்டுக்கு மரியாதையே போய்விட்டது. "நீயா, உங்க வீட்டு கழுதையா?" என்று ஒரு தரம் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகுதான் டீச்சராலேயே திட்ட முடிந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஒரு லோடு ஆட்டோ ஓட்டினார். கண்டமங்கலத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் அவரைப் போல யோசனை பண்ணுகிற ஆள் கிடையாது. ஒரு வருஷம் பின்னறையை இருட்டடித்துக் காளான் வளர்த்தார். காளானைத் தவிர மற்றதெல்லாம் அந்த அறையில் வளர்ந்தது. அம்மா பினாயில் ஊற்றிக் கழுவி முடிப்பதற்குள் பொங்கலே வந்துவிட்டது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அடங்கியிருந்தார்.

திண்டிவனத்தில் ஒரு மேடம் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுச் சோப்பு செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தேங்காய் எண்ணெய் டின் இறக்கப் போன இடத்தில்தான் மாமாவுக்கு இந்தக் கழுதைப் பால் யோசனை வந்தது. கழுதைப் பால் கிடைத்தால் சோப்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று மேடம் சொன்னாராம். கூடவே நிபந்தனைகளும் போட்டாராம். குட்டி வயிறு முட்டக் குடித்த பிறகு மிச்சம் இருந்தால்தான் கறக்க வேண்டும். ஊசி போடக் கூடாது. சுமை ஏற்றக் கூடாது. அடிக்கக் கூடாது. மாமா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம்" என்றிருக்கிறார். மாமா அகராதியில் அதற்கு "பாத்துக்கலாம்" என்று அர்த்தம். பாவம், மேடத்துக்கு அது தெரியாது.

அனந்தபுரம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மண் சுமந்துகொண்டிருந்த கழுதையைக் குட்டியோடு வாங்கி, லோடு ஆட்டோவில் நிற்கவைத்து ஓட்டிக்கொண்டு வந்தார் மாமா. ஊரே தெருவில் கூடிச் சிரித்தது. அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இன்னாடா இது? கழுதையை கட்டிக்கினு நான் எப்படிடா சொசைட்டிக்கு பால் ஊத்தப் போறது? எல்லாரும் என் கேனைத் தொறந்து பாப்பாங்கடா, இது எந்தப் பாலுன்னு!"

"அக்கா, இது கழுதை இல்லக்கா. பிஸினஸ்."

"நாலு காலு, நீட்டு காது. கண்ணு தெரியாதவளா நான்?"

திட்டிக்கொண்டே பக்கத்தில் போனவள் அதன் முன்னங்கால்களைப் பார்த்தாள். எட்டி நடக்காமல் இருக்க இரண்டு காலையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அறுத்து அறுத்து, முடி போய், தோல் வெள்ளை வளையமாகக் கிடந்தது. முதுகில் மூட்டை தேய்ந்த புண் வேறு. அம்மா உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்த கிண்ணத்தோடு திரும்பி வந்து, மாமாவைத் திட்டுகிறதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடியே புண்ணுக்குத் தடவினாள்.

குட்டிக்குப் பெயர் வைத்தது நான். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். குட்டியின் உடம்பு அசல் மல்லாட்டைத் தோல் நிறம். அதனால் மல்லாட்டை. இரண்டரை மாசம் ஆன குட்டி. காது இரண்டும் அதற்கே பெரிதாக இருக்கும்; தலையை ஆட்டினால் காதுகள் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். கழுதை காகிதம் தின்னும் என்று எல்லோரும் சொன்னதை நம்பி என் கணக்கு நோட்டை அதன் அம்மாவிடம் நீட்டிப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

எங்கள் வீடு மாட்டு வீடு. இரண்டு கறவை. கன்றுக்குட்டியை எப்படி வைத்துக்கொள்வது என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலையில் அவிழ்த்துவிட்டு நாலு வாய் ஊட்டவிட்டால் தாய்க்குப் பால் இறங்கும். உடனே கன்றை இழுத்துத் தாயின் முன்னால் கட்டிவிட்டுக் கறக்க வேண்டும். கடைசியில் மடியில் கொஞ்சம் விட்டுவைத்து மறுபடி கன்றை விட வேண்டும். சாயந்திரமும் அதேதான். நடுவில் கன்று தள்ளிக் கட்டிக் கிடக்கும், வைக்கோலைக் கடிக்கும், வளரும். எங்கள் வீட்டுக் கன்றுகள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தன.

மாமா கழுதைக்கும் அதையே செய்தார். மல்லாட்டையைக் கொண்டுபோய் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் முளையடித்துக் கட்டினார். அவர் கொடுமைக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். தரை ஈரமாக இருக்கிறது என்று அதற்குக் கீழே தன் படுக்கைச் சாக்கை விரித்தவர் அவர். கழுதைக்குப் புண்ணாக்கும் தவிடும் கரைத்து வைத்தார். அது தொடவில்லை என்றதும், "சூளையில பசியிலயே பழகிடுச்சு, பாவம்" என்று மனசு வருத்தப்பட்டார். காலை அரை மணி, மாலை அரை மணி உட்கார்ந்து கறந்தார். மொத்தமாக ஒரு டம்ளர் தேறும். அதைப் பாட்டிலில் ஊற்றி, முக்கு மளிகைக் கடையின் ஐஸ்கிரீம் பெட்டியில் உறையவைத்து, சனிக்கிழமை தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, விழுப்புரத்தில் பஸ் மாறித் திண்டிவனம் கொண்டுபோனார். மளிகைக் கடைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. கல்லாவுக்கு மேலே 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைப் படம் மாட்டித் தினமும் ஊதுபத்தி காட்டுகிறவர், கழுதைப் பாலை ஐஸ்கிரீம் பக்கத்தில் வைக்க முகம் சுளித்தார். மாமா பாட்டிலைத் தினசரியில் சுற்றிக் கொடுத்த பிறகு சம்மதித்தார்.

பகல் பூராவும் கழுதை கத்திற்று. கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம், வெளியே விடும்போது ஒரு சத்தம், கடைசியில் அழுது ஓய்ந்த குழந்தையின் விக்கல் மாதிரி நாலு சத்தம். தெருக்கோடியில் இருந்த எங்கள் வகுப்பு வரைக்கும் கேட்கும். அப்பா புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்குவார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். "கழுதை கத்தினா நல்ல சகுனம் மாமா" என்று தன் அக்கா புருஷனைச் சமாதானம் பண்ணினார் என் மாமா. "இவ்ளோ சகுனம் எனக்கு வேணாம்டா" என்றார் அப்பா, பஞ்சை அழுத்தியபடி.

வைக்கோல் போருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மல்லாட்டையும் பதிலுக்குக் கத்தும். அதன் குரல் இன்னும் தேறவில்லை. கதவு கீல் மாதிரி இருக்கும். வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஒரு வாரம்தான் என்னால் தாங்க முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கழனிக்குப் போயிருப்பாள், மாமா லோடுக்குப் போயிருப்பார், அப்பா பஞ்சோடு படுத்திருப்பார். முடிச்சை அவிழ்த்தேனோ இல்லையோ, மல்லாட்டை என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தது. அது குடிக்கிற சத்தத்தைக் கேட்டதும் எனக்கே பசி எடுத்தது. தாய்க்காரி குட்டியின் முதுகை மூக்கால் தேய்த்துக்கொண்டே நின்றாள். கத்தல் நின்றுபோயிற்று. பத்து நிமிஷம் கழித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டு, பாவாடையால் அதன் வாயைத் துடைத்துவிட்டு, திரும்ப ஓடி முட்டையைப் பிடித்துவிட்டேன். அதிலிருந்து தினமும் இதே வேலைதான்.

பால் குறைந்தது. மாமா குழம்பிப்போனார். முதலில் கண் திருஷ்டி என்றார். கழுதையின் கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கட்டினார். அந்தக் கோலத்தில் அது அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது போல நின்றது. பால் ஏறவில்லை. அடுத்து, சாரைப் பாம்பு வந்து மடியில் வாய் வைக்கிறது என்று முடிவு பண்ணினார். பூண்டை நசுக்கித் தொழுவத்தைச் சுற்றிப் போட்டார். அதுவும் ஆகவில்லை.

கடைசியில் அவர் செய்ததுதான் மோசம். கன்று பால் மறக்க வேண்டும் என்றால் எங்கள் பக்கம் மாட்டு மடியில் வேப்பிலை அரைத்துத் தடவுவார்கள். கசப்பில் கன்று வாயை எடுத்துவிடும். மாமா காலையில் கறந்து முடித்ததும் கழுதை மடியில் அதைத் தடவ ஆரம்பித்தார். சாயந்திரம் கழுவிவிட்டுக் கறப்பார்.

"பாம்பா இருந்தாலும் சரி, பேயா இருந்தாலும் சரி, இனிமே வாய் வெக்கட்டும் பாக்கலாம்" என்றார்.

அன்று மத்தியானம் என் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் மடியைக் கழுவினேன். முதல் வாய்க்கு மல்லாட்டை உதட்டைச் சுழித்துக் காட்டியது. இரண்டு பாட்டில் தண்ணீர் ஆயிற்று. மறுநாள் போனால் மடியில் வேப்பிலையே இல்லை. யாரோ கழுவின மாதிரி ஈரமாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வெயிலில் கழுதைக்கு வேர்த்து வேப்பிலை கரைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, மேற்கொண்டு யோசிக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

அந்தப் புதன்கிழமை சாயந்திரம் மாமா கறந்த டம்ளரைக் கொல்லைப்படியில் டங்கென்று வைத்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் பால் இருந்தது.

"போதும்க்கா. ஒரே பேஜாரா போச்சு. மேடம் ஃபோன் பண்ணி, இன்னா விஷயம், பால் ஏன் கொறையுதுன்னு கேக்கறாங்க. வர்ற சனிக்கிழமைக்குள்ள ஒரு பாட்டிலாவது ரொம்பலன்னா தாயையும் குட்டியையும் சூளைக்கே ஓட்டிடப் போறேன். கூப்ட்டுக்கினேதான் இருக்கான் அந்த ஆளு."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கழுதையின் முன்னங்கால் வளையங்களைப் பார்த்தேன். அம்மா தடவிய மஞ்சளில் அப்போதுதான் அங்கே பூனை முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அவிழ்த்துவிட்டதால்தானே பால் குறைந்தது? நான் அவிழ்த்துவிட்டால் இரண்டும் சூளைக்குப் போய்விடும். அவிழ்க்காவிட்டால் மல்லாட்டை பட்டினி கிடக்கும். இதை யாரிடம் போய்க் கேட்பது? இரவு சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை வரைக்கும் மல்லாட்டையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று முடிவு பண்ணினேன்.

வியாழக்கிழமை போகவில்லை. கழுதை கத்தக் கத்த வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமையும் காலையிலிருந்து கத்திற்று. பதினொரு மணி வாக்கில் கதவு கீல் சத்தம் நின்றுபோனது. தாய் மட்டும் கத்தினாள். அப்புறம் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் தாயின் சத்தமும் நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று ஊரே காத்திருந்தது. நின்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டோடு ஓடினேன். கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், வைக்கோல் போரண்டை அம்மா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கழனிக்குப் போயிருக்க வேண்டியவள். பக்கத்தில் தாய்க்கழுதை தன் கயிற்றோடு நின்றது. அம்மாதான் அதை ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அம்மாவின் மடியில் மல்லாட்டையின் தலை. கண் பாதி மூடியிருந்தது. காது இரண்டும் துவண்டு கிடந்தன.

"செத்துப்போச்சாம்மா?"

"வாயைக் கழுவு. வந்து பின்னால தூக்கு."

நான் பின்பக்கத்தைத் தூக்க, அம்மா முன்பக்கத்தைத் தூக்கி அதை நிற்கவைத்தோம். கால்கள் நாலும் நாலு பக்கம் போயின. மடிக்கு நேராகப் பிடித்தால் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறு கையால் பாலைத் தன் விரலில் பீய்ச்சி அதன் நாக்கில் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். "குடிறா. என் ராசா இல்ல, குடிறா" என்றாள். என்னைக்கூட அவள் அப்படிக் கொஞ்சிக் கேட்டதில்லை. எத்தனையாவது தடவையோ, மல்லாட்டையின் நாக்கு அவள் விரலைச் சுற்றிக்கொண்டது. அம்மா விரலை மெல்ல உருவிக் காம்பை வைத்தாள். அது உறிஞ்சிற்று. நடுவில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உறிஞ்சிற்று. கொஞ்ச நேரத்தில் நான் பிடித்திருந்த பின்கால்களில் தெம்பு ஏறுவது என் கைக்கே தெரிந்தது. அம்மாடி என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னிக்கு ஏன்டி ஓடியாந்த?" என்றாள் அம்மா.

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து, தினமும் மத்தியானம் வந்து அவிழ்த்துவிட்டதைச் சொல்லிவிட்டேன். முதுகில் ஒன்று விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா என்னையே பார்த்தாள்.

"நீயுமா? அடிப்பாவி! நான் பத்தரை மணிக்கு கழனியிலிருந்து வந்து வந்து அவுத்து விட்டுக்கினு போறேன்டி!"

அப்போதுதான் வேப்பிலை எப்படிக் கரைந்தது என்பது எனக்கு விளங்கிற்று. பத்தரைக்கு ஒரு கை, பன்னிரண்டரைக்கு ஒரு கை. மாமாவுக்கு இரண்டு விரல் பால் கிடைத்ததே பெரிய விஷயம். புதன்கிழமை மாமா சொன்னதைக் கேட்டு, என்னைப் போலவே அவளும் பயந்து இரண்டு நாள் நிறுத்தியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"ஏம்மா அழுவுற?"

"அழுவல. வைக்கோல் தூசு."

நான் அவள் முந்தானையை உருண்டையாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் வைத்து ஒற்றினேன். எனக்குத் தூசு விழுந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். அவள் குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் தூசு போய்விட்டது என்று பார்த்தால் மறு கண்ணில் வழிந்தது.

"இனிமே கட்ட வேணாம். சூளைக்கு போறதுன்னாலும் வயிறு ரொம்பி போவட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மல்லாட்டையின் கயிற்றை அவிழ்த்து வைக்கோல் போருக்கு மேலே எறிந்தாள்.

மாமா அன்று விழுப்புரத்துக்கு லோடு ஏற்றிப் போனவர் இரவு திரும்பவில்லை. மறுநாள் காலையில் லோடு ஆட்டோ தெருமுனையில் வரும்போதே ஹாரன் விடாமல் அடித்தது. வண்டி நிற்பதற்குள் மாமாவின் குரல் வந்துவிட்டது.

"அக்கா! மேடம் வந்துக்கினு இருக்காங்க! இப்பதான் ஃபோன் பண்ணாங்க, பின்னால பஸ்ஸுல வர்றாங்க! கண்டமங்கலத்துல எறங்கி ஷேர் ஆட்டோவுல வர்றேன்னுட்டாங்க! ஜல்தியா குட்டியை அவுத்து தாய்கிட்ட வுடு!"

வியர்த்து வழியக் கொல்லைக்கு ஓடியவர் அப்படியே நின்றுவிட்டார். மல்லாட்டை தாய்க்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்து, காதை ஆட்டிக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மேடம் என்றதும் நான் பெரிய ஆளாக எதிர்பார்த்தேன். ஒல்லியாக, தோளில் துணிப்பையோடு, ஸ்கூட்டி ஓட்டுகிற டீச்சர் மாதிரி இருந்தார். பாலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் கழுதையிடம் போய்க் குளம்பைப் பார்த்தார், முதுகைத் தடவினார், முன்னங்கால் முடியைப் பார்த்தார். அப்புறம் குட்டியின் கழுத்தைத் தடவியவர், ஒரு இடத்தில் விரலை நிறுத்தினார். கயிறு உரசிய தடம்.

"குட்டியைக் கட்டி வைக்கிறீங்களா?"

மாமா, "அதெல்லாம் இல்லீங்க மேடம், எப்பவும் ஃப்ரீயாதான்..." என்று ஆரம்பித்தார்.

"கட்டித்தாங்க வெச்சிருந்தோம்" என்றாள் அம்மா. "நாங்க மாட்டுக்காரங்க. கன்னுக்குட்டியைக் கட்ற மாதிரி கட்டிட்டோம். தெரியாம பண்ணிட்டோம். நேத்துதான் அவுத்து வுட்டேன்."

மாமா தரையைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குத் தோன்றியது. இந்த அம்மாவுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன, வாய் வெந்தா போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேடம் தள்ளி நின்று குட்டியையே பார்த்தார். மல்லாட்டை எழுந்தது. மெதுவாக மடிக்குப் போய் இரண்டு வாய் குடித்தது. விட்டுவிட்டது. ஒரு சுற்று துள்ளி ஓடியது. திரும்பி வந்து மேடத்தின் துணிப்பையைக் கவ்வி இழுக்க ஆரம்பித்தது. மேடம் சிரித்துவிட்டார்.

"பட்டினி போட்ட குட்டி விட்ட உடனே மடியில பாயும். இது வயிறு நிறைஞ்ச குட்டி. என் பைதான் வேணுமாம் இதுக்கு." அப்புறம் மாமாவைப் பார்த்தார். "மாட்டு மடி பானை மாதிரிங்க, காலையில இருந்து சேத்து வைக்கும். கழுதை மடி டம்ளர் மாதிரி. குட்டி கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுகிட்டே இருக்கணும். கறக்கணும்னா ஒரு ரெண்டு மணி நேரம், அதுவும் தாய் கண்ணு முன்னாடியே ஒரு தட்டி வெச்சுப் பிரிச்சா போதும். நிறைய பால் கொண்டு வர்றவங்களைப் பாத்தாதான் எனக்கு சந்தேகம். உங்க பால் கொறஞ்சதும், குட்டிக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு பாக்க வந்தேன். வாரத்துக்கு அரை பாட்டில் வந்தாலும் எடுத்துக்கறேன்."

மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "நமக்கு குட்டிதான் மேடம் முக்கியம்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அம்மா மட்டும் ஒன்று கேட்டாள். "அந்த ரெண்டு மணி நேரத்துல அது கத்துச்சுன்னா?"

"விட்டுடுங்கக்கா. அன்னைக்குப் பால் வேணாம்."

அம்மா தலையாட்டிவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். வெகு நேரம் டீ வரவில்லை. கடைசியில் நான்தான் போட்டேன். ஏதோ அடுப்பு வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மேடத்தை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய மாமா என் காதைப் பிடித்தார். "வேப்பிலையை கழுவுனது நீதானே?"

"ஒரு நாள்தான் மாமா."

மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். அம்மா முறத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். "ரெண்டு பாம்பை வீட்டுக்குள்ளயே வெச்சிக்கினு நான் தொழுவத்துல பூண்டு போட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு மாமா சிரித்தார். பஞ்சை எடுத்துவிட்டு அப்பா எழுந்து வந்து, என்ன சத்தம் என்று கேட்டார். அன்று சாயந்திரமே கயிற்றை வைக்கோல் போரிலிருந்து எடுத்து, மாமா அதைத் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டார். கேட்கிறவர்களிடமெல்லாம், "குட்டி குடிச்ச மிச்சம்தான் நமக்கு. நம்ம பாலிசி அது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டும் எங்களிடமே இருந்தன. மல்லாட்டை பெரிதாகி மாமாவின் சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்துத் தின்கிற அளவுக்கு வளர்ந்தது.

போன மாசம் எனக்குப் பிரசவ லீவு முடிந்தது. விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. ஐந்து மாசப் பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த முதல் நாள், பத்தரை மணிக்கு, வெளியே யாருடைய குழந்தையோ அழுதது. எனக்குப் பால் சுரந்து சுடிதார் நனைந்துவிட்டது. பாத்ரூமில் போய் நின்றுகொண்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நனைஞ்சிடுச்சா?" என்றாள். "எனக்கும் இந்த நேரத்துலதான் நனையும். உன்னை நாலு மாசத்துல வுட்டுட்டு பாண்டிச்சேரியில ஒரு வூட்டுக்கு கொழந்தை பாக்கப் போனேன். அந்த கொழந்தைக்கு பத்தரைக்கு பாட்டில். அது குடிக்கும், எனக்கு ஜாக்கெட் நனையும். இங்க உங்க மாமன் உன்னைத் தூக்கிக்கினு தெருத்தெருவா அலைஞ்சிக்கினு இருப்பான். பவுடர் பாலு கலக்கிக் குடுத்தா நீ துப்பிடுவியாம். பதினெட்டு வயசுப் பையன், அவனும் அழுவானாம். அவனைப் போயி குட்டியைக் கட்டாதடான்னு நான் எந்த வாயால திட்றது?"

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

"சும்மா இரு, அழுவாத. பன்னெண்டு மணிக்கு பஸ் இருக்கு. நான் இவனைத் தூக்கிக்கினு வர்றேன்" என்றாள்.

ஒரு மணிக்கு அம்மா சென்டர் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் என் மகன். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினான். கதவு கீல் மாதிரியேதான் இருந்தது. அவனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பால் கொடுத்தேன். அப்பாடா என்று இருந்தது. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள். இப்படி ஒரு முந்தானையைச் சுருட்டித்தான், பத்து வயதில், வைக்கோல் போர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்ணில் இல்லாத தூசை நான் ஊதி ஊதி எடுத்துக்கொண்டிருந்தேன்.